கிரீன்ஸ் பவுடரா, பர்சனலைஸ்டு விட்டமின் பாக்கெட்டா? வீட்டுக்கே ஒண்ணா எடுத்துக்கலாமா?

மழைத்துளி:
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்ச நாளாவே ஒரே அசதி, ராத்திரி நல்லா தூங்கினாலும் காலைல எழுந்திருக்கவே மனசு வர்றதில்ல, மதியத்துக்கு மேல கண்ணு சொருகுது, தலை சீவினா சீப்புல கொத்துக் கொத்தா முடி வருது. வயசு 34. முட்டை எப்பவாச்சும் சாப்பிடுவேன், மீன் கறி எதுவும் கிடையாது. ஆபீஸ்ல ஒருத்தங்க தினமும் காலைல கிரீன்ஸ் பவுடர் ஒரு ஸ்கூப் தண்ணில கலக்கிக் குடிக்கிறாங்க, கீரை, காய், ஸ்பைருலினாங்கிற நீலப்பச்சைப் பாசி, ப்ரோபயாட்டிக்ங்கிற நல்ல பாக்டீரியா எல்லாம் ஒரே டப்பால வந்துருது, தனியா மாத்திரையே வேண்டாம்ங்கிறாங்க. இன்னொருத்தர் ஆன்லைன்ல ஒரு க்விஸ் நிரப்பி, அதுக்கேத்த மாதிரி தன் பேர் போட்ட சின்னச் சின்ன பாக்கெட்ல விட்டமின் வரவழைக்கிறார், ஒவ்வொருத்தர் உடம்பும் வேற, எல்லாருக்கும் ஒரே பவுடர் எப்படி சரியா வரும்னு கேக்கிறார். அவர் சொல்றதும் நியாயமாதான் படுது.

வாங்கினா வீட்ல மூணு பேருக்கும் ஆகிற மாதிரி வாங்கலாம்னு யோசனை. வீட்டுக்காரருக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுறார். மாமியார் சுகருக்கு ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின் எடுக்கிறாங்க. மூணு பேருக்கும் பொதுவா பார்த்தா பவுடர்தானே சுலபம்? யூஸ் பண்ணினவங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாத்திரைப்பெட்டி:
மழைத்துளி, நான் மருந்தாளுநர். மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல ஒரு விஷயம். வீட்டுக்காரருக்கு அந்த பவுடரை அவர் டாக்டர்கிட்ட கேக்காம ஒரு ஸ்பூன் கூட குடுக்காதீங்க. வார்ஃபரின் வேலை செய்றதே உடம்புல விட்டமின் கே மறுபடி மறுபடி பயன்படுறதைத் தடுத்துதான், அந்த விட்டமின் இருந்தாதான் கல்லீரல் ரத்தம் உறையுறதுக்கான புரதங்களைத் தயார் பண்ண முடியும். கரும்பச்சை கீரைகள்ல விட்டமின் கே நிறைய இருக்கு, அதைக் காய வச்சுப் பொடியாக்கினாலும் அது எங்கயும் போயிடாது. திடீர்னு தினமும் ஒரு ஸ்கூப் உள்ள போனா மருந்தோட பலம் குறையும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற டெஸ்ட் எண்) இறங்கும், செயற்கை வால்வு வச்சவங்களுக்கு ஐஎன்ஆர் இறங்கினா வால்வுலயே ரத்தக்கட்டி உருவாகலாம், அது பக்கவாதத்துல கொண்டுபோய் விடலாம். சரி, பயந்துட்டு நடுவுல நிறுத்திட்டா? டோஸை அந்த பவுடருக்கு ஏத்த மாதிரி ஏத்தி வச்சிருந்தா அப்ப ஐஎன்ஆர் எகிறி ரத்தக்கசிவு பயம் வரும். ரெண்டு பக்கமும் ஆபத்து.

பர்சனலைஸ்டு பாக்கெட்டுக்கும் இதேதான். அதுல விட்டமின் ஈ அதிக டோஸ்ல, மீன் எண்ணெய், மஞ்சள் சாரம், இப்படி ஏதாவது ஒண்ணு வந்து சேரும், எல்லாமே வார்ஃபரினோட யோசிச்சு சேர்க்க வேண்டிய பொருள்கள். க்விஸ்ல "வேற மருந்து எடுக்கிறீங்களா"ன்னு ஒரு கேள்வி இருக்கலாம், ஆனா அதைப் பார்த்து முடிவெடுக்கிறது ஒரு ப்ரோக்ராம், அவரோட போன மாச ஐஎன்ஆர் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது.

அதனால மூணு பேருக்கும் ஒரே டப்பாங்கிற யோசனையை முதல்ல விட்டுடுங்க. உங்க மூணு பேருக்கும் தேவை மூணு விதம்.

ஓட்டக்காரன்:
நான் கிரீன்ஸ் பவுடர் ரொம்ப நாளா குடிக்கிறவன், அதனால அந்தப் பக்கத்தையும் சொல்லிடறேன். எனக்கு அடிக்கடி வெளியூர் பயணம், ஓட்டப் போட்டிகளும் ஓடுறேன், போற இடத்துல காய்கறி ஒழுங்கா கிடைக்காது, அந்த மாதிரி நாள்ல இது எனக்கு ஒத்தாசையா இருக்கு. வயிறு லேசா இருக்கிற மாதிரி தோணுது, ஆனா அது பவுடராலயா இல்ல அதோட சேர்த்து காலைல பெரிய டம்ளர் நிறைய தண்ணி குடிக்கிறதாலயான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது.

ஆனா அக்கா, கீரைக்குப் பதில் இதுங்கிற எண்ணத்துல மட்டும் வாங்காதீங்க. நார்ச்சத்து பாருங்க, ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 25ல இருந்து 38 கிராம் வரைக்கும் தேவைன்னு சொல்வாங்க, ஒரு ஸ்கூப்ல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கிராம்தான் இருக்கும். ஸ்கூப் மொத்தமே பத்துப் பன்னெண்டு கிராம் சுத்திதான், அதுக்குள்ள எழுபது எம்பது பொருள் போட்டிருக்கோம்னு பெருமையா எழுதுவாங்க, நீங்களே வகுத்துப் பாருங்க, ஒவ்வொண்ணும் எவ்வளவு இருக்க முடியும்?

இன்னொண்ணு லேபிள்ல "ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட்"னு போட்டிருக்கான்னு பாருங்க. அப்படிப் போட்டா அந்தக் கலவையோட மொத்த எடை மட்டும்தான் தெரியும், உள்ள இருக்கிற ஒவ்வொரு பொருளும் எவ்வளவுன்னு சொல்ல வேண்டியதில்ல. விலை கம்மியான கோதுமைப்புல் பொடி முக்கால்வாசி, பேருக்கு பேர் தெரிஞ்ச பொருள்கள் ஒரு சிட்டிகைன்னு இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போறதில்ல. வரிசையில முதல்ல இருக்கிறதுதான் எடைல அதிகம், அது ஒண்ணுதான் துப்பு.

நான் வாங்கும்போது பாக்கிறது வெளி லேப் டெஸ்ட் முத்திரை இருக்கா இல்லையான்னுதான். என்எஸ்எஃப், யுஎஸ்பி மாதிரி. மண்ணுல இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாம் இலைச்செடி உறிஞ்சும், அதைக் காய வச்சுப் பொடியாக்கினா இன்னும் செறிவாகும். நீலப்பச்சைப் பாசில மைக்ரோசிஸ்டின்னு கல்லீரலைக் கெடுக்கிற நச்சு கலந்து வர்ற வாய்ப்பும் உண்டு. முத்திரை இல்லாத டப்பா எவ்வளவு நல்லா மார்க்கெட்டிங் பண்ணினாலும் நான் தொட மாட்டேன்.

பூங்குயில்:
நான் பாக்கெட் பக்கம். ஒரு கம்பெனில க்விஸ் நிரப்பி வாங்கினேன், பேர் வேண்டாம். தூக்கம் எப்படி, ஸ்ட்ரெஸ் இருக்கா, முடி கொட்டுதா, அடிக்கடி சளி பிடிக்குதான்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, இந்தக் கேள்விக்கெல்லாம் "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல"ன்னு யாராவது சொல்வாங்களா? கடைசில எல்லாருக்கும் ஒரு பாக்கெட் வரும். "உனக்கு ஒண்ணும் தேவையில்ல, போய்ட்டு வா"ன்னு சொல்ற க்விஸ் நான் இதுவரைக்கும் பாக்கல.

முடி கொட்டுதுன்னு டிக் பண்ணினதால எனக்கு பயோட்டின்னு ஒரு பி விட்டமின் வந்துச்சு. தினசரி தேவை 30 மைக்ரோகிராம்தான், முடிக்குன்னு விக்கிற மாத்திரைல 5,000, 10,000 மைக்ரோகிராம்னு இருக்கும். அதை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே தைராய்டு டெஸ்ட் எடுத்தேன், டிஎஸ்ஹெச் ரொம்பக் கம்மியாவும் டி4 ஜாஸ்தியாவும் ரிப்போர்ட் வந்து, ஓவரா சுரக்குது போலன்னு வீடே கலங்கிப் போச்சு. நல்லவேளை டாக்டர் "வேற ஏதாவது சத்து மாத்திரை எடுக்கிறீங்களாம்மா"ன்னு கேட்டாங்க. நிறுத்திட்டு மறுபடி எடுத்தப்ப எல்லாம் நார்மல். நிறைய லேப் டெஸ்ட் முறைல பயோட்டினையே ஒரு பசை மாதிரி உபயோகிக்கிறாங்களாம், ரத்தத்துல அது அதிகமா மிதந்தா கணக்கு தப்பிடுது. மாரடைப்பு பாக்கிற ட்ரோபோனின் டெஸ்ட் கூட பொய்யா கம்மியா காட்டலாம்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு. மழைத்துளி, உங்களுக்கும் முடி கொட்டுதுன்னு சொல்றீங்க, கண்டிப்பா இதைத்தான் முதல்ல தள்ளிவிடுவாங்க, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதறேன்.

பாக்கெட்ல எனக்குப் பிடிச்ச ஒரே விஷயம், ஒவ்வொரு மாத்திரையும் எவ்வளவு மில்லிகிராம்னு தெளிவா போட்டிருந்துச்சு. பவுடர்ல அந்தத் தெளிவு கிடைக்காது.

மழைத்துளி:
ஐயோ, வார்ஃபரின் விஷயம் சொன்னதுக்கு ரொம்ப ரொம்ப நன்றி மாத்திரைப்பெட்டி. அவருக்குன்னு எதுவும் வாங்கப் போறதில்ல, முடிவு பண்ணிட்டேன். அப்ப எனக்கும் மாமியாருக்கும் என்ன பண்றது? ஆபீஸ்காரர் இன்னொண்ணும் சொன்னார், எச்சில் சாம்பிள் அனுப்பினா டிஎன்ஏ பார்த்து விட்டமின் சொல்ற கம்பெனி இருக்காம், க்விஸை விட அது துல்லியம்ங்கிறார். அது நம்பலாமா?

மாத்திரைப்பெட்டி:
டிஎன்ஏல இன்னைக்கு உங்க உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு எழுதியிருக்காது. அவங்க பெரும்பாலும் எம்டிஹெச்எஃப்ஆர்னு ஒரு மரபணு மாறுபாட்டைக் காட்டி, உங்களால சாதாரண ஃபோலிக் ஆசிட்டை பயன்படுத்த முடியாது, எங்க ஸ்பெஷல் ஃபோலேட்தான் வேணும்னு சொல்வாங்க. அந்த மாறுபாடு ரொம்பப் பேருக்கு சர்வசாதாரணமா இருக்கு, அது இருக்கிறவங்களாலயும் ஃபோலிக் ஆசிட்டைப் பயன்படுத்த முடியும்னு அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி தெளிவாவே சொல்லியிருக்கு.

உங்களுக்கு வேண்டியது ரத்த டெஸ்ட். அசதி, முடி கொட்டுறது, மாதவிடாய் வர்ற வயசு, கறி மீன் கிடையாது, இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தா என் மனசுல முதல்ல வர்றது இரும்பும் பி12ம்தான். டாக்டர்கிட்ட போய் சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (இரும்பு சேமிப்பு), பி12, விட்டமின் டி, டிஎஸ்ஹெச், சுகர் இதெல்லாம் பாக்கலாமான்னு கேளுங்க. ஃபெரிட்டின்னு பேர் சொல்லிக் கேளுங்க, ஏன்னா ஹீமோகுளோபின் நார்மலா இருக்கும்போதே உள்ள இரும்பு சேமிப்பு காலியாகி அசதி தட்டலாம். ஃபெரிட்டின் 15க்கு கீழ போனா குறைபாடுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட அளவு, 30க்கு கீழ வந்தாலே பல டாக்டர்கள் கவனிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஒண்ணு, காய்ச்சலோ வேற அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் சும்மாவே ஏறி நிக்கும், அதனால உடம்பு சரியா இருக்கிற நேரத்துல எடுங்க.

டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் எந்த பவுடரும் பாக்கெட்டும் ஆரம்பிக்காதீங்க. ரெண்டு வாரம் பி12 மாத்திரை சாப்பிட்டுட்டுப் போனா ரத்தத்துல எண் நல்லா இருக்கிற மாதிரி காட்டிரும், உண்மையான நிலவரம் மறைஞ்சு போயிடும். ஃபோலிக் ஆசிட் அதிகமா உள்ள போனாலும் இதே தொல்லைதான், பி12 குறைவால வர்ற ரத்தசோகையை அது சரி பண்ணிடும், ஆனா நரம்பு பாதிப்பு சத்தமில்லாம உள்ள நடந்துக்கிட்டே இருக்கும்.

இரும்பு கம்மின்னு வந்தா பவுடர்ல அது தீராது. குறைபாட்டைச் சரி பண்ண தேவைப்படுற அளவு வேற, லேபிள்ல இருக்கிற அளவு வேற. மாத்திரையைக் கூட தினமும் போடுறதை விட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா உடம்பு நல்லா உறிஞ்சுதுன்னு 2017ல வந்த ஆராய்ச்சி சொல்லுது, காரணம் ஒரு டோஸ் போட்டதும் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறி அடுத்த டோஸுக்கு கதவை மூடிடுது. இதை டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. டீ காபியோட சேர்த்து போடாதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், இரும்பு குறையுதுன்னா ஏன் குறையுதுன்னும் பாக்கணும், மாதவிடாய்ல அதிகமா ரத்தம் போகுதா, குடல்ல ஏதாவது இருக்கான்னு. பவுடர் குடிச்சு கொஞ்சம் தெம்பா இருக்குன்னு விட்டுட்டா அந்தக் காரணம் அப்படியே தங்கிடும். எனக்கு இதுதான் ரொம்பக் கவலை.

மாமியாருக்கு கண்டிப்பா பி12 பாருங்க. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்தா குடல்ல பி12 உறிஞ்சுறது குறையும், கால் எரிச்சல், மரத்துப்போறது வந்தா சுகர்னாலதான்னு நினைச்சு விட்டுடுவாங்க, பாதி பி12ஆ கூட இருக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரையும் சேர்த்து ரொம்ப நாளா எடுத்தா இன்னும் குறையும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, பி12 குடுத்தாலே போதும். ஸ்பைருலினால பி12 இருக்குன்னு பவுடர் டப்பால போட்டிருப்பாங்க, அதுல பெரும்பகுதி போலி பி12, பார்க்க அதே மாதிரி இருக்கும், நம்ம உடம்புக்கு வேலை செய்யாது. சுத்த சைவம் சாப்பிடுறவங்க இதை நம்பித்தான் ஏமாந்து போறாங்க.

வெள்ளித்திரை:
எல்லாரும் இவ்வளவு சொல்றீங்க, ஒரு சாதாரண மல்ட்டிவிட்டமின் மாத்திரை போட்டா என்ன தப்பு? பவுடரை விட மலிவு, பாக்கெட்டை விட மலிவு, அளவும் தெரியும். 2012ல வந்த ஆண் டாக்டர்கள் ஆராய்ச்சில புற்றுநோய் 8 சதவீதம் குறைஞ்சுதுன்னு படிச்சேனே.

மாத்திரைப்பெட்டி:
தப்பே இல்ல வெள்ளித்திரை, இந்த மூணுல ஒண்ணு எடுத்தே ஆகணும்னா நானும் அதைத்தான் கைகாட்டுவேன். நீங்க சொல்ற ஆராய்ச்சி உண்மைதான், ஆனா அதே ஆராய்ச்சில மாரடைப்பு, பக்கவாதம் குறையல. எல்லா ஆராய்ச்சியும் சேர்த்துப் பார்த்துட்டு அமெரிக்க தடுப்பு மருத்துவக் குழு 2022ல சொன்னது, இதய நோய், புற்றுநோயைத் தடுக்க மல்ட்டிவிட்டமின் எடுங்கன்னும் சொல்ல முடியல, வேண்டாம்னும் சொல்ல முடியல, ஆதாரம் போதலன்னு. ஆனா பீட்டா கரோட்டினும் விட்டமின் ஈயும் அதுக்காக எடுக்க வேண்டாம்னு நேராவே சொல்லிட்டாங்க. 1994ல ஃபின்லாந்து ஆராய்ச்சில பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைப்பிடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடிப் போச்சு. விட்டமின் ஈ 400 ஐயூ எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமா வந்துதுன்னு 2011ல வந்துச்சு. சத்துதானே, ஜாஸ்தி போனா சிறுநீர்ல போயிடும்ங்கிற பேச்சு எல்லாத்துக்கும் பொருந்தாது. ஏ, டி, ஈ, கே கொழுப்புல கரையுறது, உடம்புல தங்கும். தண்ணில கரையுற பி6 கூட தினமும் அதிகமா போனா கை கால் நரம்பைப் பாதிக்கும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல அதோட உச்ச வரம்பை 12 மில்லிகிராமாக் குறைச்சிருக்கு. பாக்கெட்ல நாலு மாத்திரை இருந்தா நாலுலயும் பி6 இருக்கான்னு கூட்டிப் பாருங்க, ஸ்ட்ரெஸுக்குன்னு ஒண்ணு, எனர்ஜிக்குன்னு ஒண்ணு, ரெண்டுலயும் இருக்கும்.

ஓட்டக்காரன்:
பி6 விஷயம் எனக்கே புதுசு, என் டப்பாவையும் இன்னைக்கு எடுத்துப் பாக்கிறேன். ஒண்ணு சேர்த்துக்கிறேன், கிட்னில கல் வந்தவங்க பவுடர் பக்கம் ஜாக்கிரதையா போங்க. சில கீரைகள்ல கல் உண்டாக்குற ஆக்ஸலேட் ஜாஸ்தி, பொடில அது செறிவா வரும், கூட விட்டமின் சி நிறைய சேர்த்திருந்தா அதுல ஒரு பகுதியும் உடம்புல ஆக்ஸலேட்டா மாறும்.

பூங்குயில்:
அஸ்வகந்தாவையும் பாருங்க, பவுடர், பாக்கெட் ரெண்டுலயும் ஸ்ட்ரெஸுக்குன்னு சேர்க்கிறாங்க. கல்லீரல் பாதிப்பு வந்த கேஸ்கள் பதிவாகியிருக்கு, தைராய்டு ஹார்மோனையும் ஏத்தலாம். கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை எடுக்கிறவங்க இரும்பு, கால்சியம் இருக்கிற எதையும் அதோட சேர்த்து முழுங்காதீங்க, நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டுல எதையும் இப்ப ஆர்டர் பண்ணல. எனக்கும் மாமியாருக்கும் டாக்டரைப் பார்த்து டெஸ்ட் எழுதி வாங்கறேன், ஃபெரிட்டினும் பி12ம் மறக்காம கேக்கறேன். கடைசியா ஒரே ஒரு சந்தேகம். வீட்டுக்காரருக்கு விட்டமின் கே பிரச்சினைன்னா, சமைக்கிற கீரையையும் நிறுத்தணுமா? இதுவரைக்கும் வாரத்துல ரெண்டு மூணு நாள் வச்சுக்கிட்டுதான் இருக்கேன், இப்ப படிச்சதுல இருந்து பயமா இருக்கு.

மாத்திரைப்பெட்டி:
நிறுத்தாதீங்கம்மா, திடீர்னு நிறுத்தினா அதுவே ஐஎன்ஆரை ஏத்திவிடும். இப்ப அவருக்கு குடுத்திருக்கிற டோஸ், நீங்க இத்தனை நாளா சமைச்சுப் போட்ட அந்தக் கீரையையும் சேர்த்துதான் செட் ஆகியிருக்கு. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்னா அதே ரெண்டு மூணு நாள், கிட்டத்தட்ட அதே அளவு, அப்படியே தொடருங்க. ஒரு வாரம் தினமும் வச்சு அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லாம விடறது மட்டும் கூடாது. விரதமோ, வாந்தி பேதியோ, ஆன்டிபயாட்டிக் கோர்ஸோ வந்து சாப்பாடு மாறினா ஐஎன்ஆர் சீக்கிரமே பாக்கணும்னு அவர் டாக்டருக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க. உங்க ரிப்போர்ட் வந்ததும் அதுல இருக்கிற எண்ணையும் பக்கத்துல லேப் போட்டிருக்கிற அளவையும் சேர்த்து இங்க போடுங்க, டாக்டர் என்ன எழுதிக் குடுத்தாங்கன்னும் சொல்லுங்க, எதை எப்ப எதோட சேர்க்கக் கூடாதுன்னு பார்த்துச் சொல்றேன்.